வானம் தோண்டாமல் வீடு எழும்பாது

கட்டட வேலை நடக்கிற இடங்களில் கொத்தனார்கள் "வானம் தோண்டியாச்சா?" என்று கேட்பது வழக்கம். முதன்முதலாகக் கேட்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்! அந்த வானம் தலைக்கு மேலே இருப்பதல்ல; காலுக்குக் கீழே இருப்பது. அஸ்திபாரம் போடுவதற்காகத் தோண்டுகிற பள்ளத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்தான் வானம். வீடு கட்டி முடித்து, பெயிண்ட் அடித்து, போதகரை அழைத்து ஜெபம் செய்து பிரதிஷ்டை பண்ணுகிற நாளில் இந்தப் பள்ளம் யார் கண்ணிலும் படாது. வந்தவர்கள் டைல்ஸைப் பார்ப்பார்கள், சமையலறை மேடையைத் தடவிப் பார்ப்பார்கள், மொட்டை மாடிக்குப் போய்க் காற்று வருகிறதா என்று பார்ப்பார்கள். பேஸ்மட்டத்துக்குக் கீழே எத்தனை அடி போயிருக்கிறது என்று கேட்கிறவர் அபூர்வம். கேட்பதற்கு அதில் அழகு எதுவும் இல்லையே!

கிறிஸ்தவ விசுவாசத்தில் உறுதியான அஸ்திபாரம் வேண்டும் என்று பிரசங்கம் கேட்காத ஞாயிற்றுக்கிழமை குறைவு. ஆனால் அந்த அஸ்திபாரம் எது, அது எப்போது போடப்படுகிறது என்ற கேள்விக்குத்தான் தெளிவான பதில் கிடைப்பதில்லை. பதில் மத்தேயு ஏழாம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. கன்மலையின் மேல் வீடு கட்டியவன், மணலின் மேல் வீடு கட்டியவன் என்ற அந்த உவமை ஓய்வுநாள் பள்ளிக்குப் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கைகளை ஆட்டி, வீடு விழும்போது 'தடால்' என்று கீழே உட்கார்ந்து பாடியிருப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்ததாலேயே யாரும் அதை நின்று பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

அந்த உவமையைச் சொன்னவர் நாசரேத்தில் ஒரு தச்சன் வீட்டில் வளர்ந்தவர். தச்சன் என்று தமிழ் வேதாகமத்தில் இருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வார்த்தை மரவேலை செய்பவரை மட்டுமல்லாமல் கட்டட வேலை செய்பவரையும் குறிக்கக் கூடியது. ஆகவே வேலை தெரிந்த ஒருவர் சொன்ன உவமை இது என்று எடுத்துக்கொள்ளலாம். பாலஸ்தீன நாட்டில் கோடைக்காலத்தில் பல மாதங்களுக்கு மழையே இருக்காது. ஓடைகள் காய்ந்து, சமதளமான மணல் தரையாகக் கிடக்கும். பார்ப்பதற்கு அருமையான மனை! தண்ணீர் பக்கம், தோண்டும் செலவு மிச்சம், வீடும் சீக்கிரம் எழும்பிவிடும். குளிர்காலத்தில் மலைகளில் மழை பெய்ததும் அதே ஓடையில் வெள்ளம் திடீரென்று புரண்டு வரும். ஆகவே மணலில் கட்டியவனை முழு முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. கோடைக்காலக் கணக்குப்படி அவன் கெட்டிக்காரன். லூக்கா இதே உவமையைச் சொல்லும்போது, முதலாமவன் கற்பாறை தட்டுப்படும் வரை ஆழமாகத் தோண்டினான் என்று ஒரு விவரத்தைச் சேர்க்கிறார். அப்படியானால் பாறை மேலே தெரிந்துகொண்டிருக்கவில்லை. இரண்டு பேருக்கும் மேலே இருந்தது மண்தான். ஒருவன் தோண்டினான், மற்றவன் தோண்டவில்லை.

இன்னொரு விஷயமும் பலர் கண்ணில் படாமல் போகிறது. இரண்டு பேருமே வசனத்தைக் கேட்டவர்கள்! ஒருவன் சபைக்குப் போனவன், மற்றவன் போகாதவன் என்று உவமை பிரிக்கவில்லை. ஒரே பிரசங்கத்தை, ஒருவேளை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள். கேட்டபடி செய்தவன், கேட்டும் செய்யாதவன் என்பது மட்டுமே வித்தியாசம். இப்படிச் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். "இரட்சிப்பு விசுவாசத்தினால்தானே, கிரியையினால் அல்லவே" என்பார்கள். உண்மைதான். தோண்டுகிறவன் பாறையை உண்டாக்குவதில்லை. பாறை அவன் பிறப்பதற்கு முன்பே அங்கே இருக்கிறது. போடப்பட்டிருக்கும் அஸ்திபாரம் கிறிஸ்துவே என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் அதைத்தான். ஆனால் பாறை இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது வேறு, வீட்டின் சுவர் அந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பது வேறு. நடுவில் இருக்கும் மண்ணை யாராவது அள்ளிப் போட வேண்டும் அல்லவா?

இனி தமிழ்ச் சபைகளின் பக்கம் வரலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் பல ஆலயங்களில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்து, அதில் இருக்கும் வசனத்தை அந்த வருஷத்துக்கான கர்த்தருடைய வார்த்தையாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அட்டை ஃபிரிட்ஜ் கதவிலோ பீரோ கண்ணாடியிலோ ஒட்டப்படும். இப்போது வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகிறது. இந்த அட்டைகளில் அடிக்கடி வருவது உபாகமம் 28-ஆம் அதிகாரம், வாலாக்காமல் தலையாக்குவதைப் பற்றிய வசனம். அந்த அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் முதல் 14 வசனங்கள் ஆசீர்வாதம், அதுவும் கட்டளைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையோடு. 15 முதல் 68 வரை 54 வசனங்கள் சாபம்! அந்த 54-ல் ஒன்றைக்கூட எந்த அட்டையிலும் யாரும் அச்சடிப்பதில்லை. அடுத்தது எரேமியா 29:11. நல்ல எதிர்காலத்தையும் நம்பிக்கையையும் பற்றிய வசனம். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனத்திலேயே இது எழுபது வருஷம் கழித்து என்று தெளிவாக இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் அநேகர் அந்த நல்ல நாளைப் பார்க்காமலே பாபிலோனில் செத்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது, அந்த அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்பதே. எவ்வளவு கனமான வார்த்தை! அதை ஃபிரிட்ஜ் கதவுக்கு ஏற்ற அளவில் வெட்டும்போது கனமெல்லாம் வெளியே விழுந்துவிடுகிறது.

இதில் பாதிக்கப்படுவது அட்டை அல்ல, பிள்ளைகள். தலையாவாய் என்ற அட்டையை ஒட்டி வைத்துக்கொண்டு படித்த ஒரு மாணவன் முதல் செமஸ்டரில் மூன்று பேப்பரில் அரியர் வைத்தால் என்ன நினைப்பான்? கர்த்தர் சொன்னது பொய் என்று நினைப்பான், அல்லது தனக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைப்பான். இரண்டுமே தப்பு. அவனுக்கு அப்படி ஒரு வாக்கு கொடுக்கப்படவே இல்லை. ஆனால் அதை அவனிடம் யார் சொல்வது? ஹாஸ்டலில் இரண்டாம் வருஷம் முடிவதற்குள் அவன் ஞாயிற்றுக்கிழமை தூங்க ஆரம்பித்துவிடுவான். வீட்டில் இருந்து அம்மா போன் பண்ணும்போது மட்டும் "சர்ச்சுக்குப் போனேன்" என்பான். அந்தப் பொய்தான் வலிக்கிறது. அவன் எதிர்த்துக் கேள்வி கேட்டுவிட்டுப் போயிருந்தால் பதில் சொல்லவாவது முடிந்திருக்கும்.

வாலிபர் முகாம்களையும் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று நாள் முகாமில் கடைசி இரவு பாட்டும் கண்ணீரும் ஒப்புக்கொடுத்தலுமாக இருக்கும். அந்தக் கண்ணீர் போலி என்று சொல்வது அநியாயம். அநேகருடைய வாழ்க்கை உண்மையிலேயே அப்படி ஓர் இரவில் திரும்பியிருக்கிறது. ஆனால் உணர்ச்சியை அஸ்திபாரமாக வைத்துக் கட்டுவது கரிசல் மண்ணில் மேலோட்டமாகச் சுவர் வைப்பது போன்றது. கோவில்பட்டிப் பக்கம் வீடு கட்டியவர்களுக்கு இது தெரியும். மழை பெய்தால் அந்த மண் உப்பும். வெயில் அடித்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். உப்பலும் சுருக்கமும் மாறி மாறி வரும்போது மேலே இருக்கிற சுவர் விரிசல் விடும். மண்ணின் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்லை, அதன் குணம் அப்படி. மனசின் குணமும் அப்படித்தான். (விதைக்கிறவன் உவமையில் பாறை நிலம் ஆகாத நிலமாக வருகிறது, வீடு கட்டுகிற உவமையில் அதே பாறைதான் காப்பாற்றுகிறது. வேரில்லாமல் சீக்கிரம் முளைப்பதற்குப் பாறை உதவாது, கட்டுவதற்கு உதவும். இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒன்று புரியும்: இரண்டிலும் கேள்வி ஆழத்தைப் பற்றியதுதான்.)

உணர்ச்சி போதாது என்றால், போதனை போதுமா? மார்ட்டின் லூத்தர் அப்படித்தான் தொடங்கினார். 1528-இல் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்தபோது அவர் அதிர்ந்துபோனார். ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம் தெரியவில்லை, பத்துக் கட்டளைகள் தெரியவில்லை, விசுவாசப் பிரமாணம் தெரியவில்லை. சில போதகர்களுக்கே தெரியவில்லை! அதன் விளைவாக 1529-இல் சிறிய ஞானோபதேசம் வெளிவந்தது. தகப்பன் வீட்டில் பிள்ளைகளுக்குக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். வேத பண்டிதராகிய தாமே தினமும் காலையில் ஒரு சிறுபிள்ளையைப் போல அவற்றைச் சொல்லிப் பார்ப்பதாகவும், இன்னும் படித்து முடிக்கவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்ட பிறகு, புதிய ஏற்பாட்டை மட்டுமல்ல, இந்த ஞானோபதேசத்தையும் தமிழாக்கினார். தமிழ்ச் சபைகளில் திடப்படுத்தலுக்கு முன் வகுப்பு நடத்தும் வழக்கம் அந்தப் பாரம்பரியத்தைச் சேர்ந்தது. இன்று அந்த வகுப்பு எப்படி நடக்கிறது என்பது வேறு விஷயம். பரீட்சைக்குப் படிப்பது போல மனப்பாடம் செய்து, ஆயரிடம் ஒப்புவித்து, வெள்ளை உடுப்பில் போட்டோ எடுத்ததோடு பலருக்கு முடிந்துவிடுகிறது.

போதனை வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். அவனுடைய விசுவாசம் எந்தக் கூட்டத்திலும் தொடங்கவில்லை, ஒரு வீட்டில் தொடங்கியது. ஆனால் போதனை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு லூத்தரின் தேசமே உலகத்துக்குச் சாட்சியாக நின்றது. நானூறு வருஷம் ஞானோபதேசம் படித்த தேசம் ஜெர்மனி. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது அந்நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் புராட்டஸ்டண்டுகள், மீதியில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஞானஸ்நானம் பெற்றவர்கள், திடப்படுத்தல் எடுத்தவர்கள், பாக்கின் இசையை ஆலயத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த வருஷம் செப்டம்பரில் பிரஷ்ய சபையின் சினாடு, யூத வம்சத்தில் பிறந்தவர்களும் அவர்களை மணந்தவர்களும் சபையில் ஊழியராக இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. சினாடில் உட்கார்ந்திருந்தவர்களில் வசனம் தெரியாதவர் யார்? இயேசுவே யூதர் என்பது அவர்களில் யாருக்குத் தெரியாது? எல்லாம் கேட்டவர்கள்! மழை வந்தது, ஆறு புரண்டது, வீடு இருந்த இடம் தெரியவில்லை.

விழாமல் நின்ற சிலரில் ஒருவர் டீட்ரிச் போன்ஹோஃபர். அவர் எப்படி நின்றார் என்பதைவிட, எப்போது தோண்டினார் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். 1906-இல் பிறந்த அவர் 21 வயதில் இறையியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பிற்காலத்தில், 1936-இல் எழுதிய ஒரு கடிதத்தில், தம்முடைய ஆரம்ப வருஷங்களைப் பற்றி மனம் திறந்து ஒப்புக்கொள்கிறார்: பேராசையோடு வேலை செய்தேன், அநேகம் முறை பிரசங்கம் பண்ணியிருந்தேன், சபையைப் பற்றி நிறைய எழுதியும் இருந்தேன், ஆனால் இன்னும் கிறிஸ்தவனாகவில்லை என்ற பொருளில். பிறகு வேதாகமம், அதிலும் விசேஷமாக மலைப்பிரசங்கம், தம்மை விடுதலையாக்கியது என்கிறார். மத்தேயு ஐந்து முதல் ஏழு வரை உள்ள மூன்று அதிகாரங்கள். வீடு கட்டும் உவமையில் முடிகிற அதே பிரசங்கம்! டாக்டர் பட்டம் வாங்கியவர் அதை முன்பு வாசிக்காமலா இருந்திருப்பார்? வாசித்திருப்பார், கிரேக்கத்திலேயே வாசித்திருப்பார். தனக்குச் சொல்லப்பட்டதாக, செய்ய வேண்டியதாக வாசித்தது பிறகுதான்.

1935-இல் அவர் பொறுப்பில் இளம் ஊழியர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஹிட்லருக்கு அடிபணியாத சபைப் பிரிவு நடத்திய பள்ளி அது. முதலில் கடற்கரை ஊரான ஸிங்ஸ்டில், பிறகு ஃபிங்கன்வால்டேயில். அந்த இடம் இன்று போலந்து நாட்டின் ஷ்செச்சின் நகரத்தோடு சேர்ந்திருக்கிறது. தேசமே பற்றி எரியும்போது அங்கே என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? தினமும் காலையில் அரைமணி நேரம் மௌனமாக ஒரு சிறு வேதபகுதியைத் தியானிக்க வேண்டும். வாரம் முழுவதும் அதே பகுதி. பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கக் கூடாது, அகராதியைப் புரட்டக் கூடாது. மாணவர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. சிலருக்குத் தூக்கம் வந்தது, சிலருக்கு மனம் எங்கெங்கோ போனது. வெளியில் இருந்தவர்களும் குறை சொன்னார்கள். பெரிய இறையியலாளரான கார்ல் பார்த்துக்கே இதில் மடத்து வாடை அடிக்கிறது என்ற சந்தேகம் இருந்தது. இன்னொரு விதியும் உண்டு: அங்கே இல்லாத சகோதரனைப் பற்றி யாரும் பேசக் கூடாது, பேசிவிட்டால் போய் அவனிடமே சொல்லிவிட வேண்டும். மலைப்பிரசங்கத்தின் பெரிய பெரிய கட்டளைகளை விட்டுவிட்டு இந்தச் சின்ன விதியைப் பிடித்துக்கொண்டதில்தான் அந்த மனிதரின் புத்தி தெரிகிறது. சத்துருவைச் சிநேகிப்பது பிறகு. முதலில் பக்கத்து அறைக்காரனைப் பற்றிப் புறணி பேசாமல் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்!

அந்தப் பள்ளியை 1937-இல் கெஸ்டபோ பூட்டியது. அதே வருஷம்தான் மலைப்பிரசங்கத்தை மையமாக வைத்து அவர் எழுதிய சீஷத்துவம் பற்றிய புத்தகம் வெளிவந்தது. மலிவான கிருபையைப் பற்றி அதில் அவர் கண்டித்து எழுதியதை இன்றும் பிரசங்கிமார் எடுத்துச் சொல்கிறார்கள். பெரும்பாலும் மலிவாகவே சொல்கிறார்கள் என்பது தனி வருத்தம்.

1939 ஜூனில் நண்பர்கள் அவரைக் காப்பாற்ற நியூயார்க்குக்கு அழைத்துக்கொண்டார்கள். பாதுகாப்பான வேலை தயாராக இருந்தது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜூன் 20-ஆம் தேதி, தாம் திரும்பிப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார். ஆறு நாள் கழித்து அவருடைய தினத்தியான வாசிப்பில், குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேரும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வரி வந்தது. அது தமக்கே எழுதப்பட்டது போல இருந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். இங்கே ஒரு சுவாரசியமான விஷயம் உண்டு. அவர் தினமும் வாசித்துவந்தது மொராவிய சபையார் ஹெர்ன்ஹூட்டில் இருந்து வருஷா வருஷம் வெளியிடும் தின வசனப் புத்தகம். அந்தப் புத்தகத்துக்கான பழைய ஏற்பாட்டுத் தின வசனங்களைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள்! கிட்டத்தட்ட நம் ஊர் வாக்குத்தத்த அட்டை மாதிரிதான். அப்படியானால் அட்டையைக் குறை சொன்னது தவறா? தவறில்லை. அட்டை எடுப்பதில் தோஷம் இல்லை, எடுக்கிறவன் எதன் மேல் நிற்கிறான் என்பதில்தான் இருக்கிறது. அவர் எடுத்த முடிவு வசனம் வருவதற்கு முன்பே எடுத்தது. அந்த வசனம் அவருக்குச் சுகமான வருஷத்தை வாக்களிக்கவும் இல்லை. ஆபத்தின் நடுவே கூப்பிட்டது. ஜூலையில் கப்பலேறினார். 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அப்போது வயது 39.

அஸ்திபாரம் உறுதியாக இருந்தால் மனம் நடுங்காது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சிறையில் மற்றவர்கள் தம்மைத் தைரியசாலி என்று சொல்வதையும், உள்ளுக்குள் தாம் கூண்டுப் பறவையைப் போலத் தவிப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1944-இல் ஒரு கவிதையே எழுதினார். உவமையிலும் கன்மலையின் மேல் இருந்த வீட்டின்மேல் மழை பெய்யவில்லை என்று சொல்லப்படவில்லை. அதே மழை, அதே காற்று. அவரோடு இருந்த எல்லாரும் நின்றுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. எதிர்ப்புச் சபையைச் சேர்ந்த போதகர்களிலேயே பலர் 1938-இல் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள்.

ஜெர்மானியரைக் குறை சொல்லுவது எளிது. தமிழ்ச் சபைகளில் யாரை வம்சம் பார்த்துத் தள்ளிவைத்திருக்கிறோம் என்று கேட்டால் முகம் வாடிவிடும். ஒரே கர்த்தர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம் என்று ஆலயத்தில் கேட்கிறார்கள். கிறிஸ்தவப் பத்திரிகையின் மணமகள் தேவை பகுதியைத் திறந்தால் அங்கே 'இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற' என்ற வார்த்தைகளுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இருக்கும்! சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள் கூடப் பிரிவினை. உயிர்த்தெழுதலின் நாளில் எந்தப் பக்கம் முதலில் எழும்பும் என்று யாராவது கேட்டுச் சொல்லலாம். இது வசனம் தெரியாத குறையா? இல்லை. முகாமில் அழாத குறையா? அதுவும் இல்லை. சாதி என்ற அந்தக் கெட்டி மண்ணை யாரும் மண்வெட்டியால் தொடவில்லை. தொட்டால் உறவு போகும், சொத்து போகும், ஊரில் பேச்சு வரும். செலவு ஜாஸ்தி. கோடைக்காலக் கணக்கு!

ஆகவே ஒரு கல்லூரி மாணவனோ மாணவியோ தன் விசுவாசத்துக்கு அஸ்திபாரம் போட வேண்டும் என்று நினைத்தால், பெரிய கூட்டங்களைத் தேடி ஓட வேண்டிய அவசியம் இல்லை. மாற்கு சுவிசேஷம் மொத்தம் 16 அதிகாரம்தான். ஒரே மூச்சில் வாசித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கிரிக்கெட் மேட்ச் பார்க்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது. சபையில் வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு சுவிசேஷத்தை அப்படி முழுதாக வாசித்திருக்கிறார்கள்? துண்டு துண்டாகக் கேட்டுக் கேட்டு, இயேசு யார் என்ற முழு உருவம் மனதில் விழாமலே இருபது வயது ஆகிவிடுகிறது. வாசித்தால் கேள்வி வரும். வரட்டும். பெரோயா பட்டணத்தார், பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. சந்தேகம் கேட்கிற வாலிபனைப் பின்வாங்கினவன் என்று முத்திரை குத்துகிற மூப்பர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது. சங்கீதங்களில் எத்தனையோ, கர்த்தரிடமே முறையிட்டுக் கேட்கிற கேள்விகள்தானே?

வாசித்ததில் ஏதாவது ஒன்றை அந்த வாரமே செய்து பார்க்க வேண்டும். பெரிய காரியம் வேண்டாம். மெஸ் பில்லில் தவறுதலாகக் குறைத்துப் போட்ட ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது. ரெக்கார்டு நோட்டில் நண்பனுடைய அளவுகளைப் பார்த்து எழுதாமல், தனக்கு வந்த தப்பான அளவையே எழுதி மார்க்கை இழப்பது. இரண்டு மாதமாகப் பேசாத அறைத்தோழனிடம் முதலில் போய்ப் பேசுவது. செய்து பார்த்தால்தான் எவ்வளவு கடினம் என்று தெரியும். கடினம் என்று தெரிகிற இடத்தில்தான் ஜெபம் உண்மையாகத் தொடங்கும். அதுவரை செய்த ஜெபத்தில் பாதி பழக்கத்தின் பேரில் சொன்னதாகத்தான் இருக்கும். இதை யாரும் மேடையில் சாட்சியாகச் சொல்லமாட்டார்கள். சொல்வதற்கு அதில் கதையே இல்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தாலும் எதுவும் உயர்ந்திருக்காது. வானம் தோண்டுகிறபோது தரைமட்டத்துக்கு மேலே ஒன்றும் தெரியாது. பக்கத்து மனைக்காரன் சுவர் எழுப்பிவிட்டானே என்ற பொறாமை வேறு வரும்.

பிறகு ஒரு நாள் மழை வரும். அது பெரும்பாலும் கெஸ்டபோ உருவத்தில் வராது. படிப்பு முடிந்து வேலை கிடைத்து, கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது, ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டுகிற நேரத்தில் வரும். சபையில் கமிட்டி மெம்பராக இருக்கிற அப்பா, பத்திரிகைக்கு அனுப்ப எழுதிவைத்த வரன் விளம்பரத்தை நீட்டி, "சரியா இருக்கான்னு பாரு" என்பார். அதில் முதல் வார்த்தை கிறிஸ்தவம் என்றும் இரண்டாம் வார்த்தை சாதி என்றும் இருக்கும். அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்ப்பாள். பேனா அவன் கையில் இருக்கும்.